முதல் பெயர் மாமனார் பெயர்

மார்கழி கடைசியில் ஒரு வியாழக்கிழமை. ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் உட்கார்ந்து அவர்களுடைய வெப்சைட்டுக்குப் படம் ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்த லாட்ஜின் எந்த அறையிலிருந்தும் கடல் தெரியாது. மொட்டைமாடித் தண்ணீர் டேங்க் மேல் ஏறி நின்றால் தெரியும். அங்கே ஏறி நானே எடுத்த படத்தைத்தான் 'எங்கள் அறைகள்' என்ற தலைப்பின் கீழ் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட புண்ணியம் செய்கிறவனுக்கு என்ன நடக்கும்? போன் வரும்.

வந்தது. காளிமுத்து அண்ணன்.

அவர் என் மனைவி தேன்மொழியின் ஊரில் நீர்பாய்ச்சி. ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகிற பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி, உள்ளே மூன்று கிலோமீட்டர் நடந்தால் அந்த ஊர். கண்மாய் மடையைத் திறப்பது, மூடுவது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துத் தண்ணீர் விடுவது எல்லாம் அவர் பொறுப்பு.

"மாப்ள, ஒங்க இது போன்ல வெள்ளையாத் தெரியுது."

"எதுண்ணே?"

"அதான்... தண்ணி முறை. நேத்து வரைக்கும் பேரு வரிசையா வந்துச்சு. இன்னைக்குச் சுண்ணாம்பு அடிச்ச செவரு மாதிரி இருக்கு. மடையைத் தொறக்கவா, வேணாமா?"

லேப்டாப்பில் இருந்த என் பிரதியைத் திறந்து பார்த்தேன். நாற்பத்து மூன்று பெயர்களும் அழகாக நின்றன.

"என் லேப்டாப்புல நல்லா வருதேண்ணே!"

"அப்ப ஒங்க லேப்டாப்புக்கே பாய்ச்சி விட்ரவா?"

உலகத்தில் எல்லாப் புரோகிராமர்களும் சொல்வதையே நானும் சொன்னேன்: பார்த்துச் சொல்றேண்ணே.

கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்க் கண்மாயில் தண்ணீர் நிறைய இருக்கும்வரை யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மடைக்கல்லின் இரண்டாவது படிக்குக் கீழே இறங்கிவிட்டால் முறைப்பாசனம் ஆரம்பம். ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம். இதுவரை குறைவாகப் பாய்ந்தவருக்கு முதலில். எல்லோரும் சமமாக இருந்தால்? சொம்பில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். சிக்கல் என்னவென்றால், பெரும்பாலும் எல்லோரும் சமமாகத்தான் இருப்பார்கள். ஆக, சொம்புதான் எல்லாம். சொம்பு என்றால் சண்டை. சீட்டை நகத்தால் கீறி அடையாளம் வைத்தான், ஈரச் சீட்டை அடியில் ஒட்டினான் என்று ஒருமுறை போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை சொம்பு போயிருக்கிறது.

இரண்டு வருஷம் முன்னால், பொங்கலுக்குப் போயிருந்தபோது, நாட்டுக்கோழிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நான் ஓர் அறிக்கை விட்டேன்.

"இதுக்கெல்லாம் ஒரு வெப் ஆப் போட்டா முடிஞ்சது மாமா."

கோழி சாப்பிட்ட மாப்பிள்ளையின் வாயை யாரும் உடனே மூடுவதில்லை. மூடியிருக்கலாம்.

மூன்றே நாளில் எழுதிவிட்டேன். பிஎச்பி என்கிற மொழியில். சோதனைக்காக ஒரு பெயர் போட வேண்டியிருந்தது... முதல் பெயராக மாமனார் ராமையாவைப் போட்டேன். சொந்த மாமனாரைப் பதினேழாவதாகப் போட்டுவிட்டு அந்த வீட்டில் சோறு கேட்க முடியுமா? பிறகு ஒவ்வொருவராகச் சேர்த்தேன். கடைசியாக, நாற்பத்து மூன்றாவதாகச் சேர்ந்தவர் பாண்டியம்மா அத்தை. கணவர் இறந்து, பட்டா அவர் பெயருக்கு மாறி வருவதற்குள் மற்ற எல்லோரும் ஏறிவிட்டார்கள்.

இரண்டு வருஷம் பிரமாதமாக ஓடியது. ஒவ்வொரு சுற்றுக்கும் வரிசை மாறி மாறி வந்தது. மாமனார் ஒருமுறை ஒன்பதாவது, ஒருமுறை முப்பதாவது. பாண்டியம்மா அத்தை ஒருமுறை ஐந்தாவது. "மிசினு ஆள் பாக்காதுப்பா" என்று ஊரே சொன்னது. கோயில் திருவிழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டு போர்த்தினார்கள். நானும் அடக்கமாகக் குனிந்து வாங்கிக்கொண்டேன். இந்தத் துண்டை மறந்துவிடாதீர்கள். பின்னால் வரும்.

சரி, அந்த வெள்ளைச் சுவர்?

ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறி லேப்டாப்பை மடியில் விரித்தேன். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் எல்லோரும் எழுந்து ஜன்னல் வழியாகக் கடலைப் படம் எடுத்தார்கள். நான் மட்டும் சர்வரின் பிழைப் பதிவேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏதும் சாவுச் செய்தியா தம்பி?"

கிட்டத்தட்ட. சர்வர் கம்பெனிக்காரர்கள் பிஎச்பியின் ஏழாம் பதிப்பைத் தூக்கிவிட்டு எட்டைப் போட்டிருந்தார்கள். சொல்லாமல் செய்தார்களா? அதுதான் இல்லை. மூன்று மெயில் அனுப்பியிருக்கிறார்கள். 'உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறது' வகை மெயில்களோடு சேர்த்து நானே மூன்றையும் ஒதுக்கியிருக்கிறேன். என் லேப்டாப்பில் இருப்பது ஏழு. சர்வரில் இருப்பது எட்டு. அதனால்தான் இங்கே வருகிறது, அங்கே வரவில்லை. பழைய ஏழையே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அது இப்போது எங்களிடம் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

எட்டுக்கு எங்கே வலிக்கிறது என்று தேடினேன். கண்டுபிடித்தபோது பஸ் உச்சிப்புளி தாண்டியிருந்தது.

எத்தனை மணி நேரம் பாய்ந்தது என்று எண் போட வேண்டிய இடத்தில், காளிமுத்து அண்ணன் சிலருக்கு 'இன்னும் பாயல' என்று எழுதி வைத்திருக்கிறார். தமிழில். இரண்டு வருஷமாக.

"ஏண்ணே, பாயலைன்னா சைபர் போட வேண்டியதுதானே?" என்று போனில் கேட்டேன்.

"சைபர் போட்டா பாத்தவுக மனசு சங்கடப்படும்ல மாப்ள. இன்னும் பாயலைன்னு எழுதுனா, பாயப் போகுதுன்னு ஒரு நம்பிக்கை."

பாருங்கள். பிஎச்பி ஏழு இந்த நம்பிக்கையைப் புரிந்துகொண்டது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தால் லேசாக முனகிவிட்டு, சரி, சைபர் என்று வைத்துக்கொள்வோம் என்று கூட்டலை முடித்துவிடும். மினி பஸ் கண்டக்டர் மாதிரி. டிக்கெட் தொலைந்துவிட்டது என்றால், "சரி சரி, ஒக்காரு" என்பார். எட்டு அப்படியில்லை. செக்கிங் இன்ஸ்பெக்டர். 'இன்னும் பாயல' என்பதோடு ஒன்றைக் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டதும் பஸ்ஸையே நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டது.

எழுத்தாக இருந்தால் சைபராக மாற்று என்று ஒரு வரி சேர்த்தேன். பஸ் ராமநாதபுரம் வந்து சேர்வதற்குள் வெள்ளைச் சுவர் போய்ப் பெயர்கள் வந்துவிட்டன.

"வந்துருச்சு மாப்ள!" என்றார் காளிமுத்து அண்ணன். இறங்கியதும் எனக்கு நானே ஒரு பரோட்டா வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். கொண்டாட வேண்டாமா?

வேண்டாம் என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேன்மொழியோடு ஊருக்குப் போனேன். வாசலிலேயே வாசனை அடித்தது. நாட்டுக்கோழி. உட்கார்ந்தால் இலையில் கோழி, கூடவே கேட்காமலேயே இரண்டு அவித்த முட்டை. மாமியார் சிரித்த முகத்தோடு பரிமாறுகிறார். மாமனார் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "மாப்ள, இப்பத்தான் ஒங்க மிசினு மரியாதை கத்துக்கிருச்சு" என்கிறார்.

எனக்குப் புரியவில்லை. கோழி வாயில் இருக்கும்போது எனக்கு எதுவும் புரியாது.

தேன்மொழி தண்ணீர் வைக்கிற சாக்கில் குனிந்தாள். "ஏங்க, நீங்க சரி பண்ணுன பொறகு ரெண்டு சுத்து முடிஞ்சிருச்சாம். ரெண்டுலயும் மொதப் பேரு எங்க அய்யா பேருதானாம். ஊருல என்ன பேசுறாகன்னு தெரியுமா?"

அதைச் சொல்ல அவள் தேவைப்படவில்லை. பாண்டியம்மா அத்தையே வந்துவிட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் நின்றார். மாப்பிள்ளையை நேருக்கு நேர் திட்டுவது அந்த ஊரில் வழக்கமில்லை. ஆகவே நலம் விசாரிப்பார்கள். அது இன்னும் மோசம்.

"சாப்புடுங்க மாப்ள, சாப்புடுங்க. கோழி நல்லாத் தண்ணி குடிச்ச கோழி போலருக்கு."

"வாங்கத்தே... நீங்களும்..."

"எனக்கெதுக்கு மாப்ள? நான் நாப்பத்தி மூணாவது ஆளு. எனக்கு முறை வர்றதுக்குள்ள கோழியில எறகுதான் இருக்கும்."

மாமனார் தொண்டையைச் செருமினார். அத்தை அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"ரெண்டு சுத்தும் கடைசி. மடையில வந்தது ஆட்டுக்குட்டி மூத்திரம் மாதிரி. பொறுத்துக்கிட்டேன். நாளைக்கு மூணாஞ்சுத்து. கண்மாயில முப்பத்தஞ்சு ஆளுக்குத்தான் தண்ணி கெடக்குன்னு காளிமுத்து சொல்றாரு. என் கதிரு இப்பத்தான் பால் பிடிக்குது. இந்தத் தண்ணி இல்லைன்னா அம்புட்டும் சாவியாப் போயிரும். உள்ள அரிசி இருக்காது, வெறும் உமிதான். மாப்ள மனசு வச்சா நடக்கும்னு ஊர்ல சொன்னாக. அதான் கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்."

மனசு வைத்தால் என்ற சொல்லில்தான் எத்தனை ஊசி! நான் வேண்டுமென்றே மாமனாருக்கு முதலிடம் கொடுத்திருக்கிறேன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அதைவிடக் கொடுமை, மாமனாரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். முட்டை எதற்கு வந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

கையைக் கழுவிவிட்டு லேப்டாப்பை எடுத்தேன். அதே பெயர்கள். அதே புரோகிராம். லேப்டாப்பில் பாண்டியம்மா அத்தை ஏழாவது. சர்வரில் நாற்பத்து மூன்றாவது. லேப்டாப்பில் மாமனார் இருபத்தாறாவது. சர்வரில் முதல். இரண்டில் எது பொய் சொல்கிறது?

புதிய பதிப்பில் என்னென்ன மாறியிருக்கிறது என்ற பட்டியலைத் தேடிப் படித்தேன். இதைப் பத்து நாள் முன்பே படித்திருக்க வேண்டும். பரோட்டா சாப்பிட்ட நேரத்தில் படித்திருக்கலாம். அதில் ஓரிடத்தில் சாதுவாக ஒரு விஷயம் இருந்தது. வரிசைப்படுத்தும்போது இரண்டு பேர் சமமாக இருந்தால், முதலில் எந்த வரிசையில் இருந்தார்களோ அதே வரிசையில் இனி நிற்பார்கள்.

அப்படியென்றால் இதற்கு முன்னால்?

இதற்கு முன்னால் அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. பெயர்கள் கொஞ்சம் அதிகமானால் சமமானவர்களைக் கண்டபடி கலைத்துப் போட்டுவிடும். நான் அன்று ஐந்து பேரை வைத்துச் சோதித்தபோது ஒழுங்காக நின்றார்கள், அதனால் எனக்குத் தெரியவே இல்லை. நாற்பத்து மூன்று பேரைப் போட்டதும் கலைந்திருக்கிறார்கள். ஒரு சுற்றில் அத்தை ஐந்தாவதாக வந்ததும், மாமனார் முப்பதாவதாகப் போனதும் என் மூளையால் அல்ல. சமமானவர்களை என்ன செய்வது என்று நான் அந்தப் புரோகிராமில் எழுதவே இல்லை! மறந்துவிட்டேன். இரண்டு வருஷம் ஊரார் மெச்சிய நியாயம், நான் மறந்ததாலும் ஏழு கலைத்ததாலும் வந்தது. எட்டு ஒழுங்காக அடுக்க ஆரம்பித்ததும் அநியாயம் வந்துவிட்டது.

இதில் எனக்கு ஒன்று புரிந்தது. சில ஆபீஸ்களில் எல்லாம் சுமுகமாக நடக்கும். அங்கே யாரோ ஒருவர் எதையோ கண்டுகொள்ளாமல் விடுவதால்தான் அப்படி நடக்கும். அவர் மாற்றலாகிப் போன பிறகுதான் மற்றவர்களுக்கு அது தெரியும்.

மறுநாள் காலை கண்மாய்க்கரையில் கூட்டம். நான் எழுந்து உண்மையைச் சொன்னேன். சர்வர், ஏழு, எட்டு எல்லாம் சொன்னேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள்.

காளிமுத்து அண்ணன்தான் முதலில் பேசினார். "அப்ப ரெண்டு வருசமா மிசினு நியாயம் பாக்கலையா?"

"இல்லண்ணே. அதுக்கு நியாயமும் தெரியாது, அநியாயமும் தெரியாது. எனக்கும் தெரியல."

பின்னாலிருந்து ஒரு குரல். "அப்ப அந்தத் துண்டைத் திருப்பிக் கேளுங்கப்பா!"

கரையே சிரித்தது. தேன்மொழி சிரித்ததுதான் எனக்கு வலித்தது. அந்தத் துண்டால்தான் அவள் கிரைண்டர் துடைக்கிறாள் என்பதை நான் சொல்லவில்லை.

அங்கேயே உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தேன். சமமானவர்களைக் குலுக்கிப் போடு. இந்த முறை மறக்கவில்லை, தெரிந்தே போட்டேன். போனை பாண்டியம்மா அத்தையிடம் நீட்டினேன்.

"நீங்களே அமுக்குங்கத்தே. யாரு கையும் படலை. சுத்தமான குலுக்கல்."

அத்தை சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டு அமுக்கினார். காளிமுத்து அண்ணன் எட்டிப் பார்த்து உரக்க வாசித்தார்.

"ஒண்ணு... ராமையா."

நாற்பத்து மூன்றில் ஒரு தடவை அப்படி வரலாம். கணக்கு அதைத்தான் சொல்கிறது. கண்மாய்க்கரையில் நின்று, மாமனார் பக்கத்தில் இருக்க, நாற்பத்திரண்டு குடும்பத்தைப் பார்த்து அந்தக் கணக்கை நீங்கள் சொல்லிப் பாருங்கள்.

"ஆகா! சுத்தமான குலுக்கல்!" என்றார் ஒருவர்.

"மிசினுக்கும் அந்த வீட்டுல கோழி போகுது போல" என்றார் இன்னொருவர்.

மாமனார் துள்ளி எழுந்தார். முகம் குண்டு மிளகாய் நிறத்துக்குப் போயிருந்தது. "ஏலே, நான் என்னலே செஞ்சேன்? என் பேரை எடுத்துருங்கடா அதுலேர்ந்து! மாப்ள, எடுங்க மொதல்ல! எனக்குத் தண்ணியே வேணாம்!"

இதற்குள் காளிமுத்து அண்ணன் எங்கேயோ போய்த் திரும்பி வந்தார். கையில் சொம்பு. போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை போன அதே சொம்பு.

சீட்டு எழுதினோம். எழுதியது நான், மடித்தது வேறொருவர், சொம்பில் போட்டது மூன்றாமவர். எடுப்பது யார்? ஊரில் நிலமில்லாத, உறவில்லாத, யார் பக்கமும் சாயாத ஆள் வேண்டும். எல்லோரும் எல்லோருக்கும் மாமன் மச்சானாக இருக்கிற ஊரில் அப்படி யார் கிடைப்பார்?

பீப்... பீப்... என்று ஸ்கூட்டி வந்தது. தொண்டியிலிருந்து தினமும் மீன் கொண்டுவருகிற சபுரா அக்கா. பின் சீட்டில் ஐஸ் பெட்டி.

"யக்கா, ஒரு நிமிசம் எறங்கு. சீட்டு எடுக்கணும்."

"எத்தனை சீட்டு?"

"நாப்பத்தி மூணு."

"யா அல்லா! அதுக்குள்ள நகரை மீனு நாறிப்போகும். எனக்கு ஐஸு கரையுதுப்பா!"

"எல்லாரும் இன்னைக்கு ஒங்கிட்டதான் மீன் வாங்குவாக" என்றார் பாண்டியம்மா அத்தை. வாக்குக் கொடுத்தது ஊர் சார்பாக. கேட்டது யாரையும் இல்லை.

சபுரா அக்கா ஸ்டாண்டு போட்டார். மீன் செதில் ஒட்டிய கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்ததைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, அப்படியே காளிமுத்து அண்ணன் கையில் கொடுத்துக்கொண்டே போனார். நடுநிலைமை என்றால் என்ன என்று அன்றுதான் பார்த்தேன். அதற்கு லேசாக வாளை மீன் வாசனை.

எட்டு, ஒன்பது, பத்து வரை அத்தை பெயர் வரவில்லை. அவர் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"பதினொண்ணு... பாண்டியம்மா."

அத்தை முறுக்கிய முந்தானையை மெதுவாக விட்டார். அவ்வளவுதான்.

மாமனார்? நாற்பத்தொன்று. இரண்டு சுற்றிலும் முதலில் பாய்ந்த வயல் அவருடையது. தவளை கச்சேரி வைக்கிற அளவுக்கு ஈரம் இருந்தது. ஒரு சுற்று பொறுக்கும். வயல் பொறுக்கும். அவர் பொறுப்பாரா என்பது வேறு விஷயம்.

அத்தை முறை சாயங்காலம் வந்தது. போய்ப் பார்த்தேன். தண்ணீர் வாய்க்காலிலிருந்து அவருடைய வயலுக்குள் திரும்பி, வெடிப்பு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போனது. அத்தை மண்வெட்டியோடு வரப்பில் நின்றார்.

"மாப்ள, ஒங்க மேல எனக்குக் கோவமில்ல. ஆனா ஒண்ணு. மிசினு தப்பாச் சொன்னப்ப யாரைப் பாத்துச் சண்டை போடுறதுன்னே தெரியல பாத்தீகளா... சொம்புன்னா காளிமுத்துகிட்டப் போடலாம்."

அவர் பேச்சைத்தான் ஆப்பில் ஏற்றியிருக்கிறேன். இப்போது அது யார் எத்தனை மணி நேரம் பாய்ந்தார்கள் என்று மட்டும் கூட்டிச் சொல்லும். சமமாக வந்தால் 'சொம்பு' என்று ஒரே ஒரு சொல்லைக் காட்டிவிட்டு நின்றுவிடும். சபுரா அக்காவின் போன் நம்பரையும் அதற்குக் கீழே போட வேண்டும் என்று காளிமுத்து அண்ணன் கேட்டிருக்கிறார். லேப்டாப்பிலும் எட்டைப் போட்டுவிட்டேன். இனி அங்கே எது வருமோ அதுதான் இங்கேயும் வரும்.

அத்தை வீட்டில் அறுப்பு முடிந்தது. நெல் மணி மணியாக வந்ததாம். மாமனார் வீட்டிலும் குறைவில்லை.

எனக்குத்தான் குறை. சீட்டு எடுத்த அன்று ஊரே மீன் வாங்கியது, மாமியார் மட்டும் வாங்கவில்லை. இலையில் ரசம். தொட்டுக்கொள்ள ஓர் அப்பளம், அதுவும் உடைந்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை போய்விட்டேன். இரண்டு முறையும் ரசம்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தேன்மொழியிடம் மெல்லக் கேட்டேன், அந்த வீட்டில் எனக்கு மறுபடி கோழி எப்போது என்று.

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இன்னும் பாயல."